சோறு நிறைய, சதை குறைய: பாறசாலை எல்லையில் பன்றி ஏன் கொழுக்கிறது, ஏன் வளர்வதில்லை?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் பன்றி வளர்க்கிறவர்களிடம் தீவனச் செலவைப் பற்றிக் கேட்டால், பலர் ஒரே மாதிரிதான் கணக்குச் சொல்வார்கள். தீவனம் சும்மா. வண்டி வாடகை, விறகு, கூலி இவைதான் செலவு.

திருவனந்தபுரத்து ஹோட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சுகிற சோறு, பரோட்டா, சப்பாத்தி, குழம்பு எல்லாம் பேரல்களில் ஏறி வருகிறது. அதைக் கொதிக்க வைத்துத் தொட்டியில் ஊற்றினால் பன்றி தின்னும், எடை ஏறும், வியாபாரி வந்து பிடித்துக்கொண்டு போவார். இதில் நஷ்டம் எங்கே இருக்கிறது?

இருக்கிறது. பன்றி வயிறு நிறையத் தின்கிறது, ஆனால் அதற்குத் தேவையானது கிடைப்பதில்லை. சும்மா வரும் சோறு கொழுப்பாக மாறுகிறது, சதையாக மாறுவது குறைவு. அதே எடைக்கு வர அதிக நாள் பிடிக்கிறது. அதிக நாள் என்றால் அதிகப் பேரல், அதிக வண்டி, அதிக நாற்றம், அதிகச் சண்டை. இது ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

மிச்சச் சோறு எல்லைக்கு எப்படி வந்தது?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே இருந்துவிட்டது. வரைபடத்தில் களியக்காவிளைக்கு முன்னால் ஒரு கோடு விழுந்தது. ஆனால் சந்தை, சம்பந்தம், பேச்சு எல்லாம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கலந்தே இருக்கின்றன. மரச்சீனிக் கிழங்கும் பன்றிக்கறியும் அப்படித்தான்.

திருவனந்தபுரம் நகரத்தின் குப்பையைக் கையாண்ட விளப்பில்சாலை ஆலை, ஊர்க்காரர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகு ஹோட்டல் உணவுக் கழிவுக்கு இருக்கும் முக்கியமான வழிகளில் ஒன்று பன்றிப் பண்ணை. நகரத்துக்கு மிச்சம் ஒழிகிறது, பண்ணைக்குத் தீவனம் கிடைக்கிறது. கேட்க நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இந்த வண்டிகள் எல்லையைத் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வருவதும், போலீஸார் மடக்கிப் பிடிப்பதும், அபராதம் போடுவதும் அடிக்கடி செய்தியாகின்றன. அந்தச் செய்திகளில் நாற்றம், நோய், சட்டம் எல்லாம் வரும். பேரலுக்குள் இருப்பது பன்றிக்கு ஏற்ற சாப்பாடுதானா என்ற கேள்வி மட்டும் வருவதில்லை.

பன்றி தின்னும் கலோரி எங்கே போகிறது?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நீங்கள் தினமும் 3,000 கலோரி சாப்பிடலாம். அதில் புரதம் போதாவிட்டால் தசை வராது, தொப்பைதான் வரும். பன்றிக்கும் அதே கதை.

தின்னும் ஆற்றலை உடம்பு மூன்று விதமாகச் செலவழிக்கிறது. முதலில் உயிர் வாழும் செலவு: மூச்சு, ரத்த ஓட்டம், உடல் சூடு, எழுந்து நடமாட்டம். 60 கிலோ பன்றிக்கு இதற்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 2,300 கிலோகலோரி வேண்டும் (நாம் பேச்சில் ‘கலோரி’ என்பது இதைத்தான்). ஏறக்குறைய உங்களுக்கும் எனக்கும் ஒரு நாளைக்கு ஆகிற அளவு.

இரண்டாவது, சதை வளர்ப்பது. மூன்றாவது, கொழுப்பாகச் சேர்த்து வைப்பது. கொஞ்சம் கொழுப்பு எப்போதுமே சேரும். ஆனால் மிஞ்சுகிறது எல்லாம் போய்ச் சேருவதும் அங்கேதான்.

சதை வளர்வதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. ஒரு நாளில் இத்தனை கிராம் புரதத்துக்கு மேல் தசையாக மாற்ற அந்தப் பன்றியால் முடியாது. இனம், ஆணா பெண்ணா, வயது ஆகியவை அந்த வரம்பைத் தீர்மானிக்கின்றன. வரம்பு வரைக்கும் ஆற்றலைக் கூட்டக் கூட்டச் சதை கூடும். வரம்பைத் தொட்ட பிறகு எவ்வளவு போட்டாலும் கொழுப்புதான் கூடும்.

1980-களில் ஆஸ்திரேலியாவின் வெரிபீ ஆராய்ச்சி நிலையத்தில் கேம்பல், டவெர்னர் குழுவினர் பன்றிகளுக்கு வெவ்வேறு அளவில் ஆற்றல் கொடுத்து இதைச் சோதித்தார்கள். நன்கு தேர்ந்தெடுத்து மேம்படுத்திய இனத்தின் கிடாக்களில், பசி உள்ள மட்டும் தீவனம் போட்டாலும் சதை கூடிக்கொண்டே போனது. காயடித்த பன்றிகளிலும் அவ்வளவு மேம்படாத இனத்திலும் ஒரு கட்டத்தில் சதை வளர்ச்சி நின்றுவிட்டது, கொழுப்பு மட்டும் ஏறியது.

ஒரு கிலோ சதை, ஒரு கிலோ கொழுப்பு: எதற்குச் செலவு அதிகம்?

ஒரு கிராம் புரதத்தை உடம்பில் சேர்க்கச் சுமார் 10.6 கிலோகலோரி ஆகும். ஒரு கிராம் கொழுப்பைச் சேர்க்கச் சுமார் 12.5. பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி தெரியும். ஆனால் சதையில் முக்கால்வாசி தண்ணீர். ஒரு கிலோ சதையில் புரதம் ஏறக்குறைய 220 கிராம்தான். கொழுப்புத் திசுவில் தண்ணீர் மிகக் குறைவு, கிலோவுக்கு 850 கிராம் வரைக்கும் சுத்தக் கொழுப்பு.

பெருக்கிப் பாருங்கள். ஒரு கிலோ சதைக்கு ஏறக்குறைய 2,300 கிலோகலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 10,600. நாலு மடங்குக்கும் மேல்.

நாள் ஒன்றுக்கு 110 கிராம் புரதம் சேர்க்கும் வரம்பு உள்ள 60 கிலோ பன்றியை எடுத்துக்கொள்வோம். அதாவது தினம் அரைக் கிலோ சதை. எலும்பு, குடல் வளர்ச்சியைச் சேர்க்காமல், புரிவதற்காகப் போடும் கணக்கு இது.

5,500 கிலோகலோரி கொடுத்தால் உயிர்ச் செலவு, சதைச் செலவு போக மீதி சுமார் 190 கிராம் கொழுப்பாகும். மொத்தம் 690 கிராம் எடை கூடும்.

7,000 கிலோகலோரி கொடுத்தால்? சதை அதே அரைக் கிலோதான். கொழுப்பு 330 கிராம். மொத்தம் 830 கிராம். கூடுதலாகப் போட்ட 1,500 கிலோகலோரியும் 140 கிராம் கொழுப்போடு முடிந்துபோனது. அதே ஆற்றலைச் சதையாக மாற்ற முடிந்திருந்தால் 640 கிராம் வந்திருக்கும்.

சரி, சோற்றில் என்ன குறை?

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தை நாம் ஏற்கெனவே நல்லபடியாக நினைத்துக்கொண்டோம். சதை வளரத் தேவையான புரதம் முழுசாகக் கிடைக்கிறது என்று. மிச்சச் சோற்றில் பிரச்சினையே அதுதான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. மாலைக்கு எல்லாப் பூவும் குறித்த அளவில் வேண்டும். ஒரு பூ தீர்ந்துவிட்டால் மற்றவை கூடை கூடையாக இருந்தும் கட்ட முடியாது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களை நம்பி வளரும் பன்றிக்கு முதலில் தீர்ந்துபோகிற பூ லைசின் என்கிற அமினோ அமிலம்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-இல் வெளியிட்ட பன்றித் தீவன அளவுகளின்படி, 25 முதல் 50 கிலோ வரை உள்ள பன்றிக்குத் தீவனத்தில் செரிக்கக்கூடிய லைசின் 0.98 சதவீதம் இருக்க வேண்டும். 100 கிலோவுக்கு மேல் 0.61 சதவீதம் போதும். ஆற்றலோடு சேர்த்துச் சொன்னால், ஒவ்வொரு 1,000 கிலோகலோரிக்கும் இளம் பன்றிக்குச் சுமார் 3 கிராம் லைசின், முதிர்ந்த பன்றிக்கு 1.8 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

அரிசியில் 1,000 கிலோகலோரிக்கு ஒரு கிராம் கூடத் தேறாது, 0.8 அளவில் நிற்கும். மைதா அதைவிட மோசம். பரோட்டாவில் எண்ணெய் வேறு சேர்வதால் கலோரி ஏறுகிறது, லைசின் ஏறுவதில்லை. மரச்சீனி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து, புரதம் பெயருக்குத்தான். ஹோட்டல் மிச்சத்தில் மீன் தலை, கறித்துண்டு, பருப்பு கொஞ்சம் கலந்து வருவதால் நிலைமை தனிச் சோற்றைவிடப் பரவாயில்லை. ஆனால் அது நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாளில் ஒரு மாதிரி, சாதாரண நாளில் வேறு மாதிரி.

அதே 60 கிலோ பன்றிக்கு அதே 5,500 கிலோகலோரி கிடைக்கிறது, ஆனால் லைசின் பாதிதான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சதை 500 கிராமிலிருந்து 250 கிராமுக்கு இறங்கிவிடும். மீதி ஆற்றல் சும்மா போகாது, 245 கிராம் கொழுப்பாகும். மொத்தம் ஏறக்குறைய 500 கிராம், அதில் பாதி கொழுப்பு.

60 கிலோவிலிருந்து 90 கிலோவுக்குப் போக, சரியான தீவனத்தில் 43, 44 நாள். லைசின் பாதியாக இருந்தால் 60 நாள். பதினாறு, பதினேழு நாள் கூடுதல். ஒரு பன்றி தினம் ஏழு, எட்டு கிலோ ஈர மிச்சம் தின்றால், இந்தக் கூடுதல் நாட்களுக்கு மட்டும் தலைக்கு 120 கிலோ. 50 பன்றி உள்ள பண்ணைக்கு ஆறு டன். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சண்டைக்குக் காரணமாகும் பேரல்களில் எத்தனை, உண்மையில் புரதக் குறைவை ஈடுகட்ட ஓடுகிற பேரல்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டிக்குப் பற்றாக்குறை, பெரியதுக்கு மிகை

ஒரே தொட்டிச் சோறு சின்னதுக்கும் பெரியதுக்கும் நேர் எதிரான இரண்டு கெடுதல்களைச் செய்கிறது.

குட்டியின் வயிறு சின்னது. ஈர மிச்சத்தில் 70 முதல் 85 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். 20 கிலோ குட்டிக்குத் தினம் வேண்டிய உலர்சத்து சுமார் 800 கிராம். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராக உள்ள மிச்சத்தில் இதைப் பெற அது நான்கு கிலோ தின்ன வேண்டும், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு! முடியாது. இந்த வயதில்தான் பன்றிக்குச் சதை வளர்க்கும் சாமர்த்தியம் அதிகம், வரம்பு இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆற்றல் போதாமல், லைசினும் போதாமல், அந்த நல்ல காலம் வீணாகப் போய்விடுகிறது. வயிறு ஊதி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் குட்டிகளின் கதை இதுதான்.

60, 70 கிலோ தாண்டிய பன்றிக்கு வயிற்றில் இடம் தாராளம். பசியும் தாராளம். சதை வளர்ச்சி உச்சத்தைத் தொட்டுவிட்டது. அப்போது தொட்டி நிறையப் பரோட்டா வந்தால் முழுவதும் முதுகுக் கொழுப்பு.

இனமும் முக்கியம். நம் நாட்டுப் பன்றிக்கும், கேரளத்தின் அங்கமாலிப் பன்றிக்கும் நோய் தாங்கும் வலிமை உண்டு, ஆனால் சதை வரம்பு தாழ்வு, சீக்கிரம் கொழுக்கும். பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் போன்ற இனங்களுக்கு வரம்பு உயரம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் உருவாக்கிய ‘டானுவாஸ் கேபிஎம் கோல்டு’ இரண்டுக்கும் நடுவில் நிற்பது: முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டு ரத்தம்.

ஆனால் ஒன்று. நல்ல இனத்தை வாங்கி வெறும் சோற்றில் வளர்த்தால் அந்தப் பணம் வீண். வரம்பு உயர உயர லைசின் தேவையும் உயரும். அது கிடைக்காவிட்டால் யார்க்‌ஷயரும் நாட்டுப் பன்றி மாதிரிதான் கொழுக்கும்.

அப்போ ஏன் யாரும் மாற்றுவதில்லை?

காரணம் விலை போடும் விதத்தில் இருக்கிறது. வியாபாரி உயிர் எடைக்கு விலை போடுகிறார். தராசுக்குச் சதையும் கொழுப்பும் ஒன்றுதான். சதை அதிகம் உள்ள பன்றிக்குக் கூடுதல் விலை என்ற வழக்கம் இங்கே இல்லை. வாங்குகிறவர்களிலும், கொஞ்சம் நெய் இருந்தால்தான் கறி ருசி என்பவர்கள் பலர்.

அடுத்தது, ஆற்றல் இலவசம், புரதம் காசு. பன்றி வளர்ப்பின் மொத்தச் செலவில் 60, 70 சதவீதம் தீவனத்துக்கே போகும் என்பது பொதுவான கணக்கு. அந்தச் செலவைத் தவிர்க்கத்தானே மிச்சச் சோற்றுக்கே வந்தார்கள்? சோயாப் புண்ணாக்கு மூட்டைக்குப் பணம் எண்ணுவது கண்ணுக்குத் தெரிகிறது. கூடுதலாகப் போகும் பதினேழு நாள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கொதிக்காத பேரல்: வேறொரு ஆபத்து

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் முதலில் கண்டறியப்பட்டது. 2022 ஜூலையில் வயநாட்டில் உறுதியானது. மனிதருக்கு வராது. ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. ஒரு பண்ணையில் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகள் அனைத்தையும் கொல்ல வேண்டும் என்பது விதி. பக்கத்துப் பண்ணைக்காரர் எவ்வளவு சுத்தமாக வளர்த்திருந்தாலும் தப்ப முடியாது.

இந்த வைரஸ் சரியாக வேகாத பன்றிக்கறியில் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். அதனால் பேரலில் வரும் ஒரு கறித்துண்டு போதும். அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சத்தை 100 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்கிறது. 2001-இல் பிரிட்டனை உலுக்கிய கோமாரி நோய், மிச்சம் போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணையிலிருந்துதான் கிளம்பியது. அதன் பிறகு அங்கே மிச்சம் போடுவதற்கே தடை. சீனா 2018-இல் தடை செய்தது. ஜப்பான் எதிர்த் திசையில் போனது: உணவு மிச்சத்தை முறையாகச் சூடாக்கி, சத்துச் சேர்த்து, தீவனமாக மாற்றுவதை அரசே ஊக்குவிக்கிறது. சூடும் சத்துக் கணக்கும் இரண்டும் சேர்ந்தால்தான் இது தீவனம் என்பது ஜப்பான் சொல்லும் பாடம்.

என்ன செய்யலாம்?

பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். ஒரே தொட்டியை மூன்றாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது.

• 30 கிலோ வரை: பெரும்பங்கு உலர்ந்த அடர்தீவனம். மிச்சம் பழக்கத்துக்குக் கொஞ்சம் மட்டும். பன்றியின் வாழ்நாளில் புரதத்துக்குப் போடும் காசு அதிகம் திரும்பி வரும் காலம் இதுதான். சின்னப் பன்றி என்பதால் மூட்டையும் குறைவாகவே ஆகும்.

• 30 முதல் 60 கிலோ வரை: மிச்சத்தை வடிகட்டித் தண்ணீரைக் குறைத்து, புரதம் சேர்க்க வேண்டும். சோயாப் புண்ணாக்கில் 1,000 கிலோகலோரிக்குச் சுமார் 9 கிராம் லைசின் உண்டு. மிச்சம் கிட்டத்தட்ட வெறும் சோறுதான் என்றால், மொத்த ஆற்றலில் கால் பங்கு சோயாவிலிருந்து வர வேண்டும். கடற்கரைச் சந்தைகளில் கழியும் மீன் தலை, குடலை நன்றாக வேக வைத்துப் போட்டால் லைசின் இன்னும் அதிகம். இங்கே எளிதாகக் கிடைக்கும் தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் இருக்கிறது, லைசின் குறைவு. அதை மட்டும் நம்ப முடியாது.

• 60 கிலோவுக்கு மேல்: இப்போது ஆற்றலைக் குறைக்க வேண்டும். பரோட்டா, எண்ணெய்ப் பலகாரம் குறைய வேண்டும். தவிடு, வாழைத்தண்டு, பச்சைப்புல் போட்டால் வயிறு நிறையும், கலோரி ஏறாது. 80, 90 கிலோவிலேயே விற்றுவிடுவது நல்லது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவிலும் கொழுப்பின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

கூடவே இரண்டு எச்சரிக்கை. மீன் கழிவை விற்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பன்றி தின்ற எண்ணெய் அப்படியே அதன் கொழுப்பில் போய் உட்காரும், கறியில் மீன் வாடை வரும். ஹோட்டல் குழம்பில் உப்பு அதிகம் என்பதால் குடிக்கத் தனியாக நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உப்பு சேர்ந்தால் பன்றி செத்தே போகும்.

இதெல்லாம் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டுகிற விஷயம் அல்ல. ஹோட்டலே சோறு, மாவுப் பண்டங்களை ஒரு பேரலிலும் மீன், கறி மிச்சத்தை வேறு பேரலிலும் கொடுத்தால் தீவனக் கணக்குப் போடுவது பண்ணையில் எளிதாகும். கறியும் மீனும் உள்ள பேரலைத் தனியாக நன்றாகக் கொதிக்க வைக்கலாம். குட்டிகளுக்கான அடர்தீவனத்துக்கு அரசு மானியம் கொடுத்தால், அந்தப் பணம் குறைந்த பேரல்களாகத் திரும்பி வரும்.

எல்லையில் நிற்கும் போலீஸ்காரர் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் பன்றி தேவைக்கு மேல் பதினேழு நாள் தொட்டியில் நிற்கிறவரை இன்னொரு வண்டி வரத்தான் செய்யும். அடுத்த முறை மரச்சீனியோடு பன்றிக்கறி சாப்பிடும்போது, துண்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையைக் கவனியுங்கள். அந்தப் பன்றி கடைசி இரண்டு மாதம் என்ன தின்றது, என்ன கிடைக்காமல் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.